ஃபியூவல் ஃபில்டர்: கழுவலாமா, மாற்றலாமா? காரைக்குடி மெக்கானிக் பதில்கள்

பள்ளத்தூர் வாசகர்: அண்ணே, என் டீசல் கார் வேகமெடுக்கும்போது இழுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டரைக் கழற்றி, டீசலில் அலசி, ஏர் அடித்துப் போட்டார்கள். சில நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் அதே தொல்லை. இன்னொரு முறை சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, மாற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது மடிப்பு மடிப்பாக அடுக்கிய காகிதம். கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவே உள்ள துகளைக்கூட அதன் நார்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நாருக்குள் புதைந்த துகள் அலசினால் வராது. கம்ப்ரஸர் காற்றை அடித்தால் காகிதம் கிழியும், அல்லது அதன் துளைகள் விரியும். சில நாள் நன்றாக ஓடியதற்கு, டீசல் வடிகட்டப்படாமலே போனதுகூடக் காரணமாக இருக்கலாம். காமன் ரெயில் இன்ஜினில், அதாவது ஒரே பொதுக்குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் போகும் இன்ஜினில், டீசல் மிக அதிக அழுத்தத்தில் பாய்வதால், அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுண்ணிய இடைவெளிகளை அந்தத் துகள்கள் அரித்துவிடும். ஃபில்டருக்கு ஆகும் செலவையும், இன்ஜெக்டர்களுக்கு ஆகும் செலவையும் கடையில் விசாரித்துப் பாருங்கள். பிறகு யாரும் ஏர் அடிக்கச் சொல்லமாட்டார்கள். புது ஃபில்டர் போட்டும் இழுக்கவில்லையென்றால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

தேவகோட்டை வாசகர்: எங்கள் ஐயா காலத்து பெட்ரோல் அம்பாசடருக்கும் இதே விதிதானா?

பதில்: கார்புரேட்டர் வண்டியில் பம்புக்குள் இருக்கும் கம்பி வலையைத் தாராளமாகக் கழுவலாம், பெட்ரோலில் நனைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். குழாயில் செருகிய சிறிய பிளாஸ்டிக் ஃபில்டரை மட்டும் மாற்றிவிடுங்கள், அதன் மேலுள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கவேண்டும். வலையில் பழுப்புப் பொடி திரும்பத் திரும்பச் சேர்ந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: நாங்கள் சென்னையில் இருக்கிறோம், கல்யாணம், திருவிழா என்றால்தான் ஊருக்கு வருவோம். டீசல் கார் மாதக்கணக்கில் ஊர் வீட்டிலேயே நிற்கிறது. செம்மண் தூசிதான் ஃபில்டரை அடைக்கிறது என்கிறார்களே?

பதில்: ஆச்சி, நம் ஊரில் எல்லாப் பழியையும் செம்மண்மேல் போட்டுவிடுவார்கள். அந்தத் தூசி பெரும்பாலும் ஏர் ஃபில்டருக்குத்தான் போகும். நிற்கும் வண்டிக்கு எதிரி தண்ணீர். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீராகித் தேங்கும். டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும், அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த கொழகொழப்பாகி ஃபில்டரை அடைக்கும். சென்னைக்குக் கிளம்புமுன் டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடிக்கச் சொல்லுங்கள்: தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வெறும் டீசல் வரும்வரை வடித்துவிட்டு மூடலாம். கறுத்த கசடு வந்தால் ஃபில்டரை மாற்றி, டேங்கையும் கழுவவேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அடைத்துக்கொள்ளும்.

காரைக்குடி வாசகர்: டீசல் ஃபில்டரை மாற்றிய பின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: லைனில் காற்று பிடித்திருக்கும். கைப்பம்பு இருந்தால் இறுகும்வரை அமுக்குங்கள்; மின்சாரப் பம்பாக இருந்தால் சாவியைச் சில முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் சற்றுக் காத்திருங்கள். விடாமல் செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் இறங்கும்.

திருமயம் வாசகர்: என் பெட்ரோல் காரில் ஃபில்டரே கண்ணில் படவில்லை. எப்போது மாற்றவேண்டும்?

பதில்: இக்காலப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. வண்டியோடு வந்த புத்தகத்தில் குறிப்பிட்ட கிலோமீட்டர்க் கணக்கைப் பாருங்கள். கணக்கே கொடுக்காவிட்டால், அழுத்தம் குறைந்ததை அளந்து பார்த்த பிறகே கழற்றவேண்டும். வீட்டில் வைத்துக் கழற்றவே கூடாது. லைனில் அழுத்தம் நிற்கும், பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். பக்கத்தில் ஒரு பொறி பட்டாலே தீப்பிடித்துவிடும்.