தொடக்கநிலை ஒபீடியன்ஸ் போட்டிக்கு நாயை எப்படித் தயார் செய்வது? டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டோங்காட் பகுதிகளில் நாய் வளர்க்கும் நம் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய எல்லாமே ஒபீடியன்ஸ், அதாவது நாய் சொல்லுக்குக் கீழ்ப்படிவதைச் சோதிக்கும் போட்டியின் முதற்படியில் நுழைவதைப் பற்றியவை. போட்டியாளனாகவும், நடுவருக்கு உதவும் ஸ்டூவர்டாகவும் களத்தில் நின்ற பழக்கத்தில் பதில் சொல்கிறேன். முதல்நிலையில் நடுவர் தேடுவது, ஒருமுறை சொன்ன சொல்லுக்கு நாய் மனமுவந்து இணங்குகிறதா என்பதைத்தான். பின்வரும் பதில்களில் பல அந்த இடத்திலேயே வந்து நிற்கும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஐயா, எங்கள் நாய் தெருவில் கிடைத்த குட்டி. எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போட்டியில் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் பதிவு வேண்டும். நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற போட்டிகள் கென்னல் யூனியன் ஆஃப் சதர்ன் ஆப்ரிக்கா, அதாவது குசா என்ற அமைப்பின் விதிகளின்படி நடக்கின்றன. 1891 முதல் இயங்கிவரும் அந்த அமைப்பின் பதிவேட்டில் நாயின் பெயரும் உரிமையாளரின் பெயரும் இருந்தால்தான் நுழைவுப் படிவத்தை ஏற்பார்கள். அழகுப் போட்டிக்குத்தான் வம்சாவளிச் சான்று தேவை. பயிற்சிப் போட்டிகளில் கலப்பின நாய்களுக்கும் பதிவு செய்யும் வழி இருக்கிறது. உங்கள் வட்டாரப் பயிற்சிச் சங்கத்தின் செயலாளரிடம் கேட்டால் எந்தப் படிவம் என்பதைக் காட்டுவார். அமெரிக்க கென்னல் கிளப்பும் 2010 முதல் கலப்பின நாய்களைத் தன் ஒபீடியன்ஸ் களத்தில் அனுமதித்து வருகிறது. எந்த நாய்க்குத் தகுதி உண்டு என்ற கேள்வியைவிட, அந்த நாயோடு தினமும் உழைக்க நீங்கள் தயாரா என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி (டோங்காட்): குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது. உட்காரவும் படுக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த மாதமே சேர்த்துவிடலாமா?

பதில்: அமெரிக்க விதியில் ஆறு மாதம் நிறைந்திருந்தால் போதும். இங்கே ஒவ்வொரு போட்டிக்கும் வெளியிடப்படும் அட்டவணைத் தாளில் குறைந்தபட்ச வயது அச்சிடப்பட்டிருக்கும். விதி அனுமதிக்கிறது என்பதற்காகவே சேர்த்துவிட வேண்டும் என்பதில்லை. ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில், நேற்றுவரை கேட்ட சொல்லை இன்று கேளாதது போல நடக்கும் பருவம் ஒன்று பெரும்பாலான நாய்களுக்கு வந்துபோகும். அந்தப் பருவத்தில் அந்நியக் களத்தில் நிறுத்தி, பதற்றத்தில் நாயைத் திட்டினால், அந்த இடமே பயங்கரமானது என்று அது முடிவு செய்துவிடும். ஒரு வயது தாண்டட்டும். அதுவரை குசா நடத்தும் கேனைன் குட் சிட்டிசன் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். அந்நியர் அருகில் வரும்போதும், இன்னொரு நாய் கடந்து போகும்போதும் அமைதி காப்பதைச் சோதிக்கும் அந்தத் தேர்வு நல்ல அடித்தளமாக அமையும்.

கேள்வி (மெரிபேங்க்): அமெரிக்காவில் இருக்கும் என் மகன் தன் நாயை அங்கே நாவிஸ் என்ற தொடக்கநிலை வகுப்பில் சேர்த்திருக்கிறான். அவன் சொல்லும் மதிப்பெண் கணக்கும் இங்கே சங்கத்தில் சொல்வதும் பொருந்தவில்லை. உண்மையில் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டு நாட்டு முறைகளும் வேர் ஒன்றிலிருந்து கிளைத்தவைதாம். அமெரிக்காவில் முதல் ஒபீடியன்ஸ் போட்டி 1933-இல், நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில், ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பூடில் வளர்ப்பாளரின் முயற்சியால் நடந்தது. இங்கிலாந்தில் ஏற்கெனவே நடந்துவந்த சோதனைகளைப் பார்த்துத்தான் அவர் அதை வடிவமைத்தார். நம் நாட்டு வகுப்புகள் பிரிட்டிஷ் வரிசையில் பிகினர்ஸ், நாவிஸ், அதன்பின் ஏ, பி, சி டெஸ்டுகள் என்று ஏறுகின்றன. ஆகவே உங்கள் மகனுடைய நாவிஸும் இங்குள்ள நாவிஸும் பெயரில்தான் ஒன்று.

உங்கள் மகனுடைய வகுப்பில் மொத்தம் 200 மதிப்பெண். வாரோடு, அதாவது கழுத்துப்பட்டையில் மாட்டிய பிடிகயிற்றோடு, பக்கத்தில் நடப்பதும், இரண்டு ஸ்டூவர்டுகளைச் சுற்றி எட்டு போட்டு நடப்பதும் சேர்ந்து 40. வார் இல்லாமல் நடப்பதற்கு 40. நடுவர் வந்து தொட்டுப் பார்க்கும்போது அசையாமல் நிற்பதற்கு 30. கூப்பிட்டதும் வந்து முன்னால் உட்காருவதற்கு 30. நாயை உட்கார வைத்துவிட்டுப் போய் வாரை எடுத்துவரும் பயிற்சிக்கு 30. மற்ற நாய்களோடு வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தும் ஒரு நிமிடம் படுத்தும் இருப்பதற்கு 30. தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்தாக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கிய நாய், கூப்பிட்டபோது ஒருமுறை வராமல் நின்றுவிட்டால் அன்றைய முயற்சி அத்தோடு முடிந்தது. இப்படி மூன்று முறை, குறைந்தது இரண்டு வெவ்வேறு நடுவர்களிடம் தேறினால்தான் கம்பேனியன் டாக் என்ற பட்டம் கிடைக்கும்.

இங்குள்ள தொடக்க வகுப்புகளிலும் பக்கத்தில் நடப்பது, கூப்பிட்டால் வருவது, சொன்ன இடத்தில் இருப்பது ஆகியவைதான் முதுகெலும்பு. பெரிய வேறுபாடு பொருளை எடுத்துவருவதில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் வழியில் அது கீழ்வகுப்புகளிலேயே வந்துவிடும். அமெரிக்க முறையில் அடுத்த நிலையான ஓப்பன் வகுப்பில்தான் டம்பெல் என்ற, நாய் வாயால் கவ்வும் கட்டையைத் தூக்கிவரச் சொல்வார்கள். ஆகவே மகனுடைய நாயைப் பார்த்து உங்கள் பயிற்சியைத் திட்டமிட வேண்டாம். நீங்கள் சேரப்போகும் போட்டியின் அட்டவணைத் தாளையும் குசாவின் நடப்பு விதிகளையும் அச்செடுத்து, பயிற்சி செய்யும் இடத்துக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): வீட்டு முற்றத்தில் ஒட்டி நடக்கும் நாய், சங்க மைதானத்தில் ஓரடி பின்தங்கியே வருகிறது. வாரை இழுத்துப் பார்த்தும் பயனில்லை, அண்ணா.

பதில்: வாரை இழுப்பதை இன்றே நிறுத்துங்கள் தம்பி. வார் இறுகினாலே மதிப்பெண் குறையும் என்பது ஒருபுறம் இருக்க, இழுப்பதால்தான் நாய் மேலும் பின்வாங்குகிறது. உங்கள் உடலைக் கவனியுங்கள். நாய் இடப்பக்கம் வருகிறது. அது வருகிறதா என்று பார்க்க நீங்கள் தலையை இடப்புறம் திருப்பிக் குனியும்போது இடது தோள் பின்னால் போகிறது. அந்தத் தோளைத்தான் நாய் தனக்குரிய குறியாகப் பார்க்கிறது. தோள் பின்னால் போனால், 'பின்னால் இரு' என்று நீங்கள் சொல்வதாகவே அது எடுத்துக்கொள்ளும். நேராகப் பார்த்து, தோள்களைச் சமமாக வைத்து, வழக்கமாகக் கடைத்தெருவுக்குப் போகும் வேகத்தில் நடங்கள். பெரும்பாலோர் நாய்க்காகக் காத்திருப்பதுபோல் மெதுவாக நடக்கிறார்கள். நாயும் அதற்கேற்றபடி மெத்தனமாகிவிடுகிறது.

தின்பண்டத்தை இடது கையில், கால்சட்டையின் தையல்கோட்டுக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் குறுக்கே நீட்டிக் கொடுத்தால் நாய் உங்கள் முன்னால் வளைந்து வரப் பழகி, நிற்கும்போது கோணலாக உட்காரும். கால்களுக்கும் ஒரு மரபு உண்டு. நாய் உடன் வர வேண்டுமென்றால் இடது காலை முதலில் எடுத்துவையுங்கள், அது அங்கேயே இருக்க வேண்டுமென்றால் வலது காலை. சில வாரங்களில் நாய் உங்கள் சொல்லுக்கு முன்பே காலைப் படித்துவிடும். மைதானத்தில் மட்டும் பின்தங்குவதற்குக் காரணம், அங்கே வாசனைகள் அதிகம், பயிற்சி குறைவு. பள்ளி மைதானத்தின் ஓரம், கடற்கரைப் புல்வெளி, கடைவாசல் என்று இடத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் பத்தே அடி நன்றாக நடந்தவுடன் பாராட்டி நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (வெருலம்): தமிழில் கட்டளை சொல்லலாமா? நாய் பாட்டியோடுதான் அதிகம் பழகுகிறது.

பதில்: சொல்லலாம். நாய்க்கு நீங்கள் இடும் கட்டளை எந்த மொழியிலும் இருக்கலாம். நடுவரும் ஸ்டூவர்டும் உங்களுக்குச் சொல்லும் 'ஃபார்வர்டு', 'ஹால்ட்', 'அபௌட் டர்ன்' போன்றவற்றை நீங்கள் புரிந்துகொண்டால் போதும். நாய்க்குச் சொல்லும் சொற்கள் ஒலியில் ஒன்றையொன்று ஒத்திருக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே பயன்படுத்த வேண்டும். பேரப்பிள்ளைகளை நாள் முழுதும் 'வா, வா' என்று கூப்பிடும் வீட்டில், நாயைக் கூப்பிட அந்தச் சொல் வேண்டாம். பெயரைச் சொல்லி உடனே கட்டளையைச் சொன்னால் அது ஒரே கட்டளையாகக் கருதப்படும். பெயரைச் சொல்லி, காத்திருந்து, மறுபடி கட்டளை சொன்னால் இரண்டாகிவிடும். மதிப்பெண் போவது அங்கேதான்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): தீபாவளி வெடிச்சத்தத்துக்குப் பிறகு எங்கள் நாய் கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது. நவம்பர் இறுதியில் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் பகுதிகளில் தீபாவளி வாணங்களும் பிரிட்டிஷ் மரபில் வந்த நவம்பர் 5 கை ஃபாக்ஸ் நாள் வெடிகளும் அடுத்தடுத்து வருவதால், பயந்த நாய்க்கு இடையில் தேறிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. போட்டிக் களத்திலோ ஒலிபெருக்கி அலறும், மடக்கு நாற்காலி படாரென்று சாயும், காற்றில் கூடாரத்துணி அடித்துக்கொள்ளும். ஏற்கெனவே நடுங்கும் நாய் அங்கே எந்தச் சொல்லையும் கேட்கும் நிலையில் இருக்காது. அதைக் கீழ்ப்படியாமை என்று யாரும் சொல்லக் கூடாது.

சில வாரம் அமைதியாக விட்டபின், வெடிச்சத்தப் பதிவைக் கைப்பேசியில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் ஒலிக்கவிட்டு, அந்த நேரத்தில் மட்டும் கோழித்துண்டு போன்ற உயர்ந்த தீனியைக் கொடுங்கள். நாய் தின்பதை நிறுத்தினால் சத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள், உடனே குறையுங்கள். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். அடுத்த தீபாவளிக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைத் தணிக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. வெடிச்சத்தம் கேட்டு நடுங்கும் நாயைத் தட்டிக்கொடுத்தால் பயம் வளரும் என்று நம்மவர்கள் சொல்வது தவறு. அது உங்களிடம் வந்து ஒண்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): தடுப்பூசிச் சான்று கேட்பார்களா?

பதில்: கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாய்க்கு ஊசி போட்டிருக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் குவாசுலு-நட்டாலில் இன்னும் நீங்காத நோய். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் முதல் ஊசி, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று போடுவது கட்டாயம். புல்வெளிகளில் பயிற்சி செய்யும் நாய்க்கு உண்ணியையும் தடுத்தாக வேண்டும். உண்ணியால் வரும் பிலியரி நம் மாகாணத்தில் சாதாரணமாகக் காணப்படும் நோய். உற்சாகமாக இருந்த நாய் திடீரென்று சோர்ந்து, ஈறுகள் வெளிறி, தீனியை மறுத்தால், சோம்பல் என்று நினைத்து மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி (இசிப்பிங்கோ): கழுத்தில் முள்பட்டை போட்டால்தான் எங்கள் போர்புல் (பெரிய காவல்நாய் இனம்) அடங்குகிறது. களத்தில் அதை அனுமதிப்பார்களா? மற்ற நாய்களைக் கண்டால் உறுமவும் செய்கிறது.

பதில்: முள்பட்டையும் மின்பட்டையும் போட்டிக் களத்துக்கு உரியவை அல்ல. சாதாரணக் கொக்கி வைத்த தோல்பட்டையோ துணிப்பட்டையோ போதும். பட்டையைவிட எனக்குக் கவலை தருவது உறுமல்தான். இன்னொரு நாயையோ மனிதரையோ தாக்கும் நாய் களத்திலிருந்து உடனே வெளியேற்றப்படும், மேற்கொண்டு பங்கேற்கும் உரிமையையும் இழக்கலாம். மற்றவர் நாய்க்கு நேரும் காயத்தை எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யாது. மற்றொரு நாயைக் கண்டும் உறுமாத தூரம் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அந்தத் தூரத்திலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள். அது ஐம்பது அடியாக இருந்தாலும் சரி. அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் பழக்குவது நல்லது. முள் குத்தும் வலியும் எதிரே நாய் வருவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால், வலிக்குக் காரணம் அந்த நாய்தான் என்று உங்கள் போர்புல் கற்றுக்கொள்ளும். உறுமல் கூடியதற்கே பட்டை காரணமாக இருக்கலாம்.

கேள்வி (வெருலம்): பெண் நாய் இனச்சேர்க்கைப் பருவத்தில் இருந்தால் பங்கேற்கலாமா?

பதில்: அமெரிக்க, பிரிட்டிஷ் விதிகள் இரண்டும் அனுமதிப்பதில்லை. இங்கும் போட்டிக்கு முன்பே சங்கத்தில் சொல்லிவிடுங்கள். அதன் வாசனையில் ஆண் நாய்களின் கவனம் சிதறி, மற்றவர்களின் மாதக்கணக்கான உழைப்பு கலைந்துபோகும்.

கேள்வி (டோங்காட்): எனக்கு மூட்டுவலி, வேகமாக நடக்க முடியாது. இந்த வயதில் களத்தில் இறங்குவது பொருந்துமா, ஐயா?

பதில்: நன்றாகவே பொருந்தும், அம்மா. 'ஃபாஸ்ட்' என்று சொன்னால் உங்கள் வழக்கமான நடையிலிருந்து வேகம் மாறியது தெரிந்தால் போதும். உடல் இயலாமை உள்ளவருக்கு ஏற்ப நடுவர் பயிற்சியைச் சற்று மாற்றிக்கொள்வதும் உண்டு. களத்தில் நுழையும் முன்பே நடுவரிடம் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். நிதானமாக நடக்கும் பெரியவர்களின் நாய்கள் அருமையாகச் செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் கையையும் உடலையும் வீணாக ஆட்டுவதில்லை.

கேள்வி (ஃபீனிக்ஸ்): போட்டி நாளன்று எதை எடுத்துப் போக வேண்டும்? தின்பண்டம் கொடுக்கலாமா?

பதில்: களத்துக்குள் தின்பண்டமும் விளையாட்டுப் பொருளும் கூடாது. சட்டைப்பையில் மறந்து வைத்திருந்தாலும் தவறுதான், உள்ளே போகுமுன் பையைத் தடவிப் பாருங்கள். ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வாயால் பாராட்டலாம், மெல்லத் தட்டிக்கொடுக்கலாம். இதற்காகவே கடைசி மாதத்தில், இரண்டு மூன்று பயிற்சிகளை எதுவும் கொடுக்காமல் தொடர்ந்து செய்துவிட்டு, வெளியே ஓடிவந்து ஒரேயடியாகக் கொடுக்கும் முறையைப் பழக்குங்கள்.

பதிவுச் சான்று, தடுப்பூசிப் புத்தகம், வீட்டுத் தண்ணீர், கிண்ணம், நிழலுக்கு ஒரு குடை, கழிவை அள்ளப் பைகள் ஆகியவை போதும். டர்பனின் ஈரப்பதம் மிகுந்த கோடையில் காலை எட்டு மணிக்கே புல் சூடேறிவிடும். மூக்கு தட்டையான இனங்களுக்கு அது உயிராபத்து. உங்கள் முறை வரும்வரை நாயை நிழலில் படுக்கவிடுங்கள், காரில் அடைக்க வேண்டாம். அரைமணி நேரம் முன்பே களத்தோரம் நின்று, முன்னால் போகிறவரை நடுவர் எந்த வரிசையில் நடத்துகிறார், எந்த மூலையில் திரும்பச் சொல்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் நாயை ஒரு சுற்று நடத்திச் சிறுநீர் கழிக்கவிட்டு, உங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போங்கள்.