ஈராக் பேரீச்சையை ஈரோட்டில் பாக்கெட் போட்டால் அது எந்த நாட்டுப் பொருள்?

"சென்னை இறக்குமதியாளரிடம் ஈராக் பேரீச்சையைப் பெட்டி பெட்டியாக வாங்கி, ஈரோட்டில் சுத்தம் செய்து அரைக் கிலோ பாக்கெட் போடுகிறேன். இங்கே பேக் செய்வதால் 'இந்தியத் தயாரிப்பு' என்றே போடலாம் என்கிறார் லைசென்ஸ் எடுத்துத் தரும் புரோக்கர். சரியா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

சரியில்லை. கவரில் ஈராக் என்றுதான் வர வேண்டும். கழுவினாலும் தரம் பிரித்தாலும் கவர் மாற்றினாலும் பழம் அதே பழம்தான். பேக் செய்தவர் என்று உங்கள் பெயர், முகவரி, உங்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எல்லாம் போடுங்கள், அது வேறு விஷயம்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் புரோக்கர்கள் இழுத்து நீட்டுகிறார்கள். 2020 லேபிள் விதிப்படி, இன்னொரு நாட்டில் பதப்படுத்தும்போது உணவின் தன்மையே மாறிவிட்டால், பதப்படுத்திய நாடுதான் அதன் பிறப்பிடம். அதே பேரீச்சையை நீங்கள் வேகவைத்துப் பிழிந்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சி சிரப்பாக விற்றால் இந்தியா என்று போடலாம், ஏனென்றால் பாட்டிலில் இருப்பது பழமில்லை, பாகு. ஆனால் கொட்டையை மட்டும் எடுத்துவிட்டு "தன்மை மாறிவிட்டது" என்று வாதாடாதீர்கள், கொட்டை இல்லாவிட்டாலும் அது பேரீச்சம்பழம்தான்.

அப்புறம் அந்த பார்கோடு கதை. 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று சொல்லி பார்கோடு வாங்கித் தரக் காசு கேட்பார்கள், நம்பாதீர்கள். அந்த எண்ணை வழங்கியது இந்திய அமைப்பு என்பதைத் தவிர 890-க்கு வேறு அர்த்தமில்லை, பழம் எந்த மண்ணில் விளைந்தது என்று அதற்குத் தெரியாது. இதை நம்பி அச்சடித்த கவர்களை மூட்டையாகக் கட்டி என் மேசைக்குக் கொண்டுவந்தார் ஒருவர், ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அது வரும்போது புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு விதி, எடை அளவுத் துறைக்கு இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்து எளிய தமிழில் ஒரே பக்கம் போட்டுக் கொடுத்திருந்தால் இந்தப் புரோக்கர்களுக்கு வேலையே இருக்காது, அதைக்கூடச் செய்யாமல் சிறு வியாபாரியிடம் அபராதம் மட்டும் கேட்பது அநியாயம். ஆன்லைனில் விற்பதாக இருந்தால் அந்தப் பக்கத்திலும் நாட்டின் பெயர் வர வேண்டும்.

கவரை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெட்டியில் அச்சாகியிருக்கும் நாடு, காலாவதித் தேதி இரண்டையும் போனில் படம் எடுத்து, இறக்குமதியாளரின் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியைத் தாண்டி உங்கள் கவரில் புதுத் தேதி போடவே கூடாது.