சடங்கில்லாத் திருமணம் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் இந்துக் குடும்பத்திலும் அவர் கிறிஸ்தவக் குடும்பத்திலும் பிறந்தவர்கள். புரோகிதரோ பாதிரியாரோ இல்லாமல், உற்றார் உறவினர் கூடிய மண்டபத்தில் மாலை மாற்றி, உறுதிமொழி கூறி மணந்துகொள்ள விரும்புகிறோம். சுயமரியாதைத் திருமணமாக இது சட்டப்படி செல்லுமா?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் விரும்பும் நிகழ்ச்சியை அப்படியே நடத்தலாம். ஆனால், அதற்கு வலுவளிப்பது நீங்கள் நினைக்கும் சட்டம் அன்று. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது என்பதால், மணமக்கள் இருவரும் அச்சட்டத்தின் பொருளில் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். அத்தகையோருக்கு மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல், இணையராக ஏற்பதாக அறிவித்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே போதும், உங்களுக்குப் போதாது.

உங்களுக்கு உரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதற்காக யாரும் மதம் மாற வேண்டியதில்லை. உங்களில் ஒருவராவது 30 நாட்கள் வசித்துள்ள மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்பு கொடுங்கள். அது அலுவலகத்தில் பலரும் காணுமாறு ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டமானால் அங்கும் நகல் செல்லும். வீட்டில் இன்னும் சொல்லவில்லையென்றால், இதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பெற்றோருக்கு விருப்பமில்லை என்பது சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. வயது, முந்தைய திருமணம், தடைசெய்யப்பட்ட உறவுமுறை போன்ற காரணங்களே எடுபடும்.

அறிவிப்பு வெளியாகி 30 நாட்கள் கழிந்த பின்பே மணக்க முடியும்; அறிவிப்பு கொடுத்து மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அறிவிப்பு கொடுத்த நாளைக் கணக்கிட்டுவிட்டு மண்டபத்துக்கு முன்பணம் கட்டுங்கள்.

கூடுதல் கட்டணம் செலுத்தினால், நியாயமான தொலைவுக்குள் உள்ள மண்டபத்திலேயே அலுவலர் முன்னிலையில் மணக்கலாம். எந்த முறையில் மணப்பது என்பது உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கட்டாயம்: அலுவலரும் மூன்று சாட்சிகளும் கேட்க, உங்கள் நண்பர் உங்களைச் சட்டப்படியான மனைவியாகவும், நீங்கள் அவரைச் சட்டப்படியான கணவராகவும் ஏற்பதாக, இருவருக்கும் புரியும் மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை ஓரமாகப் போட்ட மேசையருகே முணுமுணுத்து முடித்துவிடாதீர்கள். உங்கள் உறுதிமொழியின் முதல் வரியாகவே வைத்து, ஒலிபெருக்கியில் அவையோர் அனைவரும் கேட்கும்படி சொல்லுங்கள். மாலை மாற்றிய கையோடு நீங்களும் சாட்சிகளும் சான்றிதழில் கையொப்பமிடலாம். அலுவலர் வர இயலாதெனில், முதலில் அலுவலகத்தில் மணமுடித்துவிட்டு மண்டபத்துக்குச் செல்லுங்கள்.