வாசகர் கேள்வி: ஆத்தங்குடிக் கல்லைக் காரில் கொண்டுவரலாமா?

கேள்வி: தை மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். ஒரு நாள் முன்னதாகப் போய் ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் சுற்றலாம் என்றிருக்கிறோம். தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பத்துப் பதினைந்து வாங்கிக் காரில் போட்டு வரலாமா? வேறு என்ன வாங்கலாம்?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக. ஆனால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். பூஜையறைக்கென்று எட்டுக் கல் வாங்கி, டிக்கியில் படுக்கப்போட்டு, மேலே இரண்டு பெட்டியையும் ஏற்றினேன். திருச்சி தாண்டுவதற்குள் மூன்று கல்லில் விரிசல். கல்லை நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டும். பூப்பக்கமும் பூப்பக்கமும் பார்த்தபடி, நடுவில் செய்தித்தாள் வைத்து.

வாங்கும் முன் பட்டறையில் அரை மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாகக் கலர்க் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுவார்கள். அதன் மேல் மணலும் சிமென்ட்டும். சூளையே கிடையாது, தண்ணீர்த் தொட்டியும் வெயிலும்தான். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வது பெரும்பாடு; நீங்கள் தையில் போவது நல்லதாயிற்று. நன்றாக ஊறிக் காய்ந்த கல்தானா என்று கேட்டு வாங்குங்கள். கோடு லேசாகக் கசிந்திருந்தால் ஒதுக்காதீர்கள், கையால் ஊற்றியது அப்படித்தான் இருக்கும். ஒரு அறைக்கு வேண்டுமென்றால் மொத்தமாக, நாலைந்து கூடுதலாகவே சொல்லிவையுங்கள். அடுத்த முறை கலக்கும்போது நிறம் மாறிவிடும்.

டிசைனை முடிவு செய்யும் முன் ஆத்தங்குடியிலேயே இருக்கும் ‘பெரிய வீடு’, லட்சுமி விலாஸுக்குப் போய் வாருங்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு. கையில் ஒற்றைக் கல்லாகப் பார்ப்பதும் தரை முழுக்கப் பரந்து கிடப்பதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. எனக்குக் கையில் பிடிக்காத ஒரு பச்சைக் கல், தரையில் பார்த்ததும் பிடித்துப்போனது! கானாடுகாத்தானில் உள்ள பழைய செட்டிநாட்டு வீடுகளில் பலவற்றைத் தெருவில் நின்றுதான் பார்க்க முடியும். குடும்பச் சொத்து, கதவைத் தட்டாதீர்கள்.

சேலை என்றால் கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பருத்திச் சேலை. கட்டம், அகலக் கரை, அரக்கு, மஞ்சள். தறி வைத்திருப்பவரிடமே வாங்குவது நல்லது, விசைத்தறி நகல் நிறைய வருகிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள். தூண், நிலைக்கதவு எல்லாம் கிடைக்கும். எனக்கென்னவோ அவற்றை வாங்க மனசு வருவதில்லை, ஏதோ ஒரு வீட்டை இடித்த பிறகு வந்தவைதானே. எனாமல் தூக்கு ஒன்றோடு திரும்பிவிடுவேன். பேரம் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

கேள்வி: கூட வரும் எட்டு வயதுப் பையன் வீடு, சேலை என்றால் சிணுங்குவான். அவனுக்கு என்ன?

பதில்: வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். திருப்பத்தூர் பக்கம், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்தது அல்ல. தையில் கண்மாய் மரங்களில் நாரையும் கொக்கும் இருக்கும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பையனிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டான். காலை ஏழு மணிக்குள் போங்கள், கரையில் ஹாரன் அடிக்காதீர்கள். அப்புறம் கல் வாங்கப் போகலாம். முதலில் கல்லை ஏற்றிவிட்டால் கண்மாய்ச் சாலைக் குலுக்கலில் என் கதைதான் உங்களுக்கும்.