தாத்தா வீட்டு மச்சில் கிடைத்த ஸ்பெக்ட்ரம் பிளஸ் கம்ப்யூட்டருக்குப் பழைய கேம்களை எங்கே தேடுவது? கேசட் இல்லாமல் ஏற்ற முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: "அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் தாத்தா வீட்டு மச்சைச் சுத்தம் பண்ணும்போது ஒரு ஸ்பெக்ட்ரம் பிளஸ் கிடைத்தது. அடாப்டர் இல்லை, கேசட் ஒன்றுகூட இல்லை. இன்னும் கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லை. இதில் அந்தக் காலத்து கேம்களை விளையாட என்ன வழி?"

கேசட்டைத் தேடி அலைய வேண்டாம் தம்பி. 80-களின் இந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கேம்கள் பாட்டுக் கேசட் போன்ற கேசட்டில்தான் வந்தன. ஸ்பெக்ட்ரத்துக்கு கேசட்டிலிருந்து போவது வெறும் சத்தம். அந்தச் சத்தத்தை டேப் ரிக்கார்டர் கொடுத்தாலும் செல்போன் கொடுத்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 80-களில் வந்த கேம்களில் பெரும்பாலானவை அப்படியே கோப்புகளாகச் சேமிக்கப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. ஆனால் கேமை இறக்குவதற்கு முன்னால் மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடாப்டரில்தான் அதிகம் பேர் மெஷினைப் பறிகொடுக்கிறார்கள். இதற்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, குறைந்தது 1.4 ஆம்பியர், 2 ஆம்பியர் இருந்தால் நல்லது. நடுமுனை மைனஸ், வெளிவளையம் பிளஸ். ஜங்ஷன் பக்கத்துக் கடைகளில் 9 வோல்ட் என்று கேட்டால் எடுத்துத் தரும் ரௌட்டர் அடாப்டர் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர், நடுமுனை பிளஸ். பின் அளவு இரண்டிலும் 2.1 மில்லிமீட்டர்தான். அதனால் கச்சிதமாகப் பொருந்தும், பொருந்திய உடனே டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரைச் சுடும். அந்த டிரான்சிஸ்டரும் பக்கத்தில் இருக்கும் சின்னக் காயிலும்தான் கீழ் 16கே (கிலோபைட்) மெமரிக்கு +12, −5 வோல்ட்டுகளைத் தயாரிக்கின்றன. −5 நின்றுபோனால் மெமரிச் சில்லுகளும் அடுத்தடுத்துப் போகும்.

ரௌட்டர் அடாப்டரையே வாங்கினால் ஒயரை நடுவில் வெட்டி இரண்டு கம்பிகளையும் மாற்றி இணைத்து, பற்றவைத்து, தனித்தனியாக ஸ்லீவ் போடுங்கள். பிறகு மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வெளிவளையத்திலும் சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் வைத்துப் பாருங்கள். மீட்டரில் மைனஸ் குறியோடு −9 வர வேண்டும். குறி இல்லாமல் 9 வந்தால் செருகாதீர்கள். கிட்டார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ்தான், ஆனால் பலவற்றில் அரை ஆம்பியர்கூட வராது. லேபிளைப் படித்து வாங்குங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டர் எங்காவது கிடைத்தால், எதிலும் செருகாமல் அளக்கும்போது 12 முதல் 14 வோல்ட் வரை காட்டும். அது பழுதல்ல. உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக இறக்கிக்கொள்ளும். இறக்கும்போது மீதி முழுவதும் சூடாக வெளியேறும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் இது சின்ன விஷயமில்லை, மதியத்தில் டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள்.

இந்த மெஷினுக்கு பவர் சுவிட்ச் கிடையாது, பின்னைச் செருகுவதுதான் ஆன். டி.வி.யில் அனலாக் டியூனிங் இருந்தால் யுஎச்எஃப் 36-வது சேனல். இல்லையென்றால் மாடுலேட்டர் (படத்தை டி.வி. சேனல் சிக்னலாக மாற்றும் பகுதி) டப்பாவுக்குள் போகும் வீடியோ கம்பியையும் 5 வோல்ட் கம்பியையும் கழற்றி, டப்பாவுக்குள் ஏரியல் சாக்கெட்டோடு சேர்ந்திருக்கும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, வீடியோ கம்பியை 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக அதே சாக்கெட்டின் நடுமுனைக்குக் கொடுத்தால் டி.வி.யின் மஞ்சள் ஏவி சாக்கெட்டில் நேரடியாகப் படம் வரும். டி.வி. மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை.

வெள்ளைத் திரையின் அடியில் 1982 என்று ஆண்டு போட்டு சின்க்ளேர் ரிசர்ச் பெயர் வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அடுத்து மெமரியைச் சோதியுங்கள். பி (P) விசையை ஒருமுறை அழுத்தினால் 'பிரின்ட்' என்ற முழுச் சொல்லும் வந்துவிடும். எழுத்தெழுத்தாக அடிக்கக் கூடாது. பிறகு 'எக்ஸ்டெண்ட் மோட்' விசை, தொடர்ந்து ஓ. அது 'பீக்', மெமரியில் இருக்கும் எண்ணைப் படிக்கும் கட்டளை. இப்படியே 'பிரின்ட் பீக் 23732 + 256 * பீக் 23733' என்று அடித்து என்டர் கொடுங்கள். கூட்டல் குறி சிம்பல் ஷிஃப்ட்டோடு கே, பெருக்கல் குறி சிம்பல் ஷிஃப்ட்டோடு பி (B). விடை 65535 என்று வந்தால் 48கே முழுவதும் நலம். 32767 என்று வந்தால் மேல் 32கே மெமரி கெட்டிருக்கிறது. அப்போதும் மனம் தளர வேண்டாம், 16கே மெஷினுக்கென்று எழுதிய கேம்கள் ஓடும்.

இனி கேம். தேட வேண்டிய இடங்கள் மூன்று: வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம், ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டிங், இன்டர்நெட் ஆர்கைவ். முதலாவது 1995-லிருந்து இருப்பது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதில் ஒவ்வொரு கேமுக்கும் தனிப் பக்கம்: வெளிவந்த ஆண்டு, எத்தனை கே மெமரி, எந்த ஜாய்ஸ்டிக், கேசட் அட்டையின் ஸ்கேன், விளையாடும் முறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கேமை இறக்கும்போது அந்த விளையாடும் முறையையும் சேர்த்து இறக்குங்கள். எந்த விசை எதற்கு என்று பல கேம்கள் திரையில் சொல்வதே இல்லை. உரிமையாளர் அனுமதி மறுத்த கேம்களுக்கு அங்கே இறக்கும் சுட்டி இருக்காது. அல்டிமேட், கோட்மாஸ்டர்ஸ் நிறுவனங்களின் கேம்கள் அப்படிப்பட்டவை. அவை வேண்டுமானால் பழைய கேசட்டை விலைக்கு வாங்குவதுதான் முறை.

தேர்ந்தெடுக்கும்போது மெமரி என்ற இடத்தில் 48கே என்றோ 16கே என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். 128கே என்று மட்டும் போட்டிருந்தால் உங்கள் மெஷினில் ஓடாது. அடுத்தது கோப்பு வகை. டிஏபி, டிஇசட்எக்ஸ் இரண்டும் கேசட்டின் பிரதி. இவற்றைச் சத்தமாக மாற்றலாம். எஸ்என்ஏ, இசட்80 இரண்டும் மெமரியின் நிழற்படம். இவற்றை எமுலேட்டரில் (ஸ்பெக்ட்ரம்போல நடிக்கும் புரோகிராம்) திறக்கலாம், மெஷினின் 'இயர்' சாக்கெட் வழியாகச் சத்தமாக ஏற்ற முடியாது. "இறக்கினேன், ஏறவில்லை" என்பவர்களில் பலர் தவறி எடுப்பது இந்த இரண்டைத்தான். டிஏபி சாதாரண வேகத்தில் ஏறும். டிஇசட்எக்ஸில் திருட்டுப் பிரதியைத் தடுக்க வைத்த ஸ்பீட்லாக் போன்ற வேக லோடர்களும் (கேமை வேகமாக ஏற்றும் புரோகிராம்கள்) உள்ளபடியே இருக்கும், அவற்றுக்குச் சத்தம் இன்னும் சுத்தமாக வேண்டும். முதல் கேமை டிஏபியாக எடுங்கள்.

கோப்பைச் சத்தமாக்க லினக்ஸில் ஃபியூஸ் யுடில்ஸ் தொகுப்பில் டேப்2வேவ் என்ற கருவி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளேஇசட்எக்ஸ் செயலி கோப்பை நேராகவே ஒலிக்கும். மாற்றி வைப்பதானால் வேவ் கோப்பாக, 44100 ஹெர்ட்ஸ், மோனோவாக வையுங்கள். எம்பி3 வேண்டாம். ஸ்பெக்ட்ரம் கேட்பது இசையை அல்ல. அலை ஏறி இறங்கும் இரண்டு விளிம்புகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று எண்ணுகிறது. 0 என்ற பிட் ஏறக்குறைய 2047 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று, 1 என்ற பிட் அதில் சரிபாதி வேகத்தில் ஒரு சுற்று. எம்பி3 நம் காதுக்கு வித்தியாசம் தெரியாதபடி அந்த விளிம்புகளை மழுக்கிவிடும். சாதாரண லோடர் அதைச் சில நேரம் பொறுத்துக்கொள்ளும், வேக லோடர் பொறுக்காது.

இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் மோனோ பின் உள்ள ஒயர் ஒன்று வேண்டும். நம் ஊரில் கோயில் கொடைக்கு மைக் செட் போடுகிறவர்களிடம் கேட்டால் அளவாக வெட்டிப் பற்றவைத்தே தருவார்கள். ஒரு முனை போனில், மறுமுனை கம்ப்யூட்டரின் பின்னால் 'இயர்' என்று எழுதிய சாக்கெட்டில். 'மைக்' சாக்கெட் காலியாக இருக்கட்டும். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், நடுவில் ஒரு வாட்ஸ்அப் மணி அடித்தால் நாலு நிமிடம் காத்திருந்தது வீண். ஈக்வலைசர், டால்பி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சார்ஜர் சொருகியிருக்கக் கூடாது, அதன் இரைச்சல் ஒயரில் கலக்கும். வால்யூமை முழுசாக வையுங்கள். கம்ப்யூட்டரில் ஜே விசை ('லோடு' வரும்), பிறகு மேற்கோள் விசை இரண்டு முறை, என்டர். அதற்குப் பிறகு போனில் ஓடவிடுங்கள்.

இப்போது திரையின் ஓரப் பட்டையைக் கவனியுங்கள். ஏறுமா ஏறாதா என்பதை முழுக்க அதுவே சொல்லிவிடும். முதலில் சுமார் 5 விநாடி ஒரே சுருதியில் 'பீ' என்று கேட்கும், ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் சம அகலக் கோடுகளாக மெதுவாக நகர வேண்டும். அடுத்து ஒரு நொடி நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடுகளாகப் பறக்கும், கேமின் பெயர் திரையில் வரும். மறுபடி 2 விநாடி சிவப்பு, வெளிர்நீலம். பிறகு நீலம், மஞ்சள். தொடக்கப் படம் 6912 பைட், அது வரிவரியாக விழ அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 48கே கேம் முழுதாக ஏற நாலைந்து நிமிடம் பிடிக்கும்.

சிவப்பும் வெளிர்நீலமும் மாறிமாறி வெறுமனே மின்னுகிறது, கோடே விழவில்லை என்றால் சத்தம் போதவில்லை. டைப்-சி வழியாக ஹெட்போன் மாட்டும் சின்ன ஒயர்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. எல்எம்386 சில்லு வைத்த சிறிய ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டி இடையில் சேர்த்தால் தீரும். கடையில் அதற்குப் பதிலாக பிஏஎம்8403 போர்டைத் தந்தால் வாங்காதீர்கள். அதில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல, அதிலும் மின்னழுத்தம் ஓடுகிறது. ஸ்பெக்ட்ரத்தின் கிரவுண்டில் இணைத்தால் ஷார்ட் ஆகும். ஒரு நிறம் தடித்து மறுநிறம் மெலிந்திருந்தால் சத்தம் அளவு மீறி அலை ஒரு பக்கம் வெட்டுப்படுகிறது, வால்யூமை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். எல்லாம் அழகாக ஓடி நடுவில் 'ஆர் டேப் லோடிங் எரர்' வந்தால், ஒரே இடத்தில்தான் வருகிறதா என்று மூன்று முறை பாருங்கள். ஒரே இடம் என்றால் கோப்பு கெட்டது, அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிரதியை எடுங்கள். இடம் மாறி மாறி வந்தால் ஒயரோ சத்தமோதான் குறை.

நிஜ கேசட்டே கிடைத்தால் டேப் ரிக்கார்டரைப் பேட்டரியில் ஓட்டுங்கள், ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் இருந்த கேசட் என்றால் சாரல் ஈரத்தில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பூத்ததை அப்படியே ஓட்டினால் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டும் கெடும்.

முதலில் எதை ஏற்றலாம் என்றால், மேனிக் மைனர் (1983). மேத்யூ ஸ்மித் எழுதியது, 20 குகைகள், மூன்று விசை போதும். கட்டைவிரல் அளவுக்குக்கூட இல்லாத உருவத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாகக் குதிக்க வைத்த கேம் அதற்கு முன் ஸ்பெக்ட்ரத்தில் இல்லை என்பேன். அதன் தொடர்ச்சியான ஜெட் செட் வில்லியை (1984) எடுத்தால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: 'ஆட்டிக்' என்ற மேல்மாடி அறைக்குள் நுழைந்தால் மற்ற அறைகளின் தகவல் சிதைந்து கேமை முடிக்கவே முடியாமல் போகும். இது புரோகிராமில் இருந்த பிழை. வெளியிட்ட நிறுவனமே பிறகு திருத்த எண்களைக் கொடுத்தது. திருத்திய பிரதியைப் பார்த்து எடுங்கள். தொடங்கும்போது அது கேட்கும் வண்ணக் குறியீட்டு அட்டையின் ஸ்கேனும் வேண்டும். எலைட் கேமின் 1985 பிரதி லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடி வழியாகத் திரையைப் படிக்கச் சொல்லும். அந்தக் கண்ணாடி இல்லாமல் உள்ளே போக முடியாது. நிதானமாக யோசித்து விளையாட விரும்பினால் லார்ட்ஸ் ஆஃப் மிட்நைட் (1984), வீட்டுப் பிள்ளைகளுக்குச் சக்கி எக் (1983). ஜோனதன் கால்ட்வெல் போன்றவர்கள் பிற்காலத்திலும் இந்த மெஷினுக்கு கேம் எழுதியிருக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

கேம் ஏறி, படமும் வந்து, விசை மட்டும் கேட்கவில்லை என்றால் இரண்டு காரணம். பழைய சில கேம்கள் இஷ்யூ 2 என்ற முந்தைய சர்க்யூட் போர்டை நம்பி எழுதப்பட்டவை, பிளஸ்ஸில் இருப்பது அதற்குப் பிந்தைய போர்டு. 1985-இல் வந்த அபு சிம்பல் புரொஃபனேஷன் அப்படி ஒன்று. எல்லாக் கேமிலும் அதே விசைகள் வரிசையாகச் செத்திருந்தால் கீபோர்டுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் (விசை அழுத்துவதை உணரும் பிளாஸ்டிக் தாள்) விரிசல் விட்டிருக்கும். அதன் இரண்டு வால்களும் இத்தனை வருடத்தில் அப்பளம்போல் ஆகியிருக்கும், டப்பாவைத் திறக்கும்போது மேல்மூடியைச் சட்டென்று தூக்கினால் அங்கேயே ஒடியும். புது மெம்பிரேன் இப்போதும் தயாரித்து விற்கிறார்கள். வாங்கும்போது 'பிளஸ்' மாடலுக்கு என்று சொல்லுங்கள், ரப்பர் விசை மாடலுக்கானது இதில் சேராது.