ஷேர் கோட் கொடுத்தும் தயங்கும் முதலாளிகள்: பிரித்தானியாவில் வேலை உரிமைச் சான்று குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. சட்டப்படி வேலை செய்யும் உரிமை கையில் இருக்கிறது, ஆனால் அதை முதலாளி நம்பும்படி காட்ட முடியவில்லை. பதில்களுக்கு முன், முதலாளியின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துவிடுவது நல்லது. 2006ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிட, குடியுரிமைச் சட்டத்தின் கீழ், உரிமையற்ற ஒருவரை வேலைக்கு அமர்த்தினால் முதலாளிக்கு அபராதம் விழும். 2024 பிப்ரவரி 13 முதல் அந்த அபராதம் முதல் தவறுக்கு ஆள் ஒருவருக்கு 45,000 பவுண் வரையும், மீண்டும் தவறினால் 60,000 பவுண் வரையும் உயர்ந்திருக்கிறது. விதித்த முறைப்படி முன்கூட்டியே சோதித்து, அதன் பதிவையும் வைத்திருந்தால், பின்னர் ஏதேனும் பிழை தெரியவந்தாலும் அவருக்குச் சட்டக் காப்பு கிடைக்கும். ஆகவே அவர் தேடுவது உங்கள் வாழ்க்கை வரலாற்றையல்ல, அந்தக் காப்பைத் தரும் ஒரே ஒரு பதிவைத்தான். எந்தப் பதிவு அது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): என் விசா இன்னும் செல்லும். ஆனால் என் வதிவிட அனுமதி அட்டையான பி.ஆர்.பி.யில் 2024 டிசம்பர் 31 என்று முடிவு தேதி இருக்கிறது. வேலை தருவதாகச் சொன்ன கடையின் மேலாளர், காலாவதியான அட்டையை ஏற்க முடியாது என்கிறார். புதிய அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது?

பதில்: புதிய அட்டை வராது. அட்டை முறையையே கைவிட்டு ஈ-விசாவுக்கு, அதாவது இணையத்தில் மட்டும் இருக்கும் குடிவரவுப் பதிவுக்கு மாறிவிட்டார்கள். விசா அதற்குப் பிறகும் நீடித்த பலருடைய அட்டைகளிலும் அதே முடிவு தேதிதான் அச்சிடப்பட்டிருந்தது. அது உங்கள் விசாவின் முடிவு தேதி அல்ல. மேலாளர் அட்டையை மறுத்தது ஒரு வகையில் சரியே. 2022 ஏப்ரல் 6 முதல் பி.ஆர்.பி. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துச் செய்யும் சோதனை செல்லாது, அட்டையில் தேதி மிச்சமிருந்தாலும் கூட.

நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் ஈ-விசாவைப் பார்க்கும் இணையக் கணக்கான யு.கே.வி.ஐ. கணக்கை இதுவரை திறக்கவில்லையென்றால் திறந்து, அரசாங்க இணையதளத்தில் 'வேலை செய்யும் உரிமையை நிரூபித்தல்' என்ற பக்கத்திலிருந்து ஷேர் கோட் எடுப்பது. உங்கள் பதிவை முதலாளி இணையத்தில் பார்க்க வழிவிடும் குறியீடு அது. எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஒன்பது இலக்கம் கொண்டது, 90 நாள் செல்லுபடியாகும், வேலைக்கான குறியீடு 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும். வீட்டு வாடகைக்கு எடுத்த 'ஆர்' குறியீட்டை அவசரத்தில் முதலாளிக்கு அனுப்பிவிட்டு, "செல்லாது என்கிறார்கள்" என்று எழுதுபவர்கள் மாதம் ஒருவராவது இருக்கிறார்கள். குறியீட்டோடு உங்கள் பிறந்த தேதியையும் கொடுங்கள். முதலாளி தமக்கென உள்ள தனிப் பக்கத்தில் இரண்டையும் இட்டு, திரையில் வரும் படம் உங்கள் முகத்தோடு பொருந்துகிறதா என்று நேரிலோ காணொளி அழைப்பிலோ பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும். உங்கள் கைபேசியில் உங்கள் கணக்கைத் திறந்து காட்டுவதோ, அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ அவருக்குக் காப்பு தராது. நேர்மையாகக் காட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது சோதனையே அல்ல.

கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் அந்த எண்ணையும் கணக்கில் மாற்றிவிடுங்கள். பெயரிலோ முடிவு தேதியிலோ பிழை தெரிந்தால், வேலை தேடத் தொடங்குமுன் இணையவழியே முறையிடுங்கள், ஏனெனில் திருத்தம் வர எத்தனை நாளாகும் என்பது உங்கள் கையில் இல்லை.

கேள்வி (லெஸ்டர்): முதுகலை மாணவன். வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகவா? கோடையில் முழுநேரம் செய்யலாமா?

பதில்: எல்லா வேலைகளும் சேர்த்துத்தான் 20 மணி, அதுவும் திங்கள் முதல் ஞாயிறு வரையான ஒவ்வொரு வாரத்துக்கும். ஒரு வாரம் 12 மணி செய்துவிட்டு மறுவாரம் 28 மணி செய்து சராசரி காட்ட வழியில்லை. பட்டப்படிப்புக்குக் கீழான பாடத்திட்டமென்றால் வரம்பு 10 மணிதான். சம்பளமில்லாத வேலையும் இந்தக் கணக்கில் சேரலாம் என்பதால் "தெரிந்தவர் கடையில் சும்மா உதவினேன்" என்பது தற்காப்பாகாது.

இரண்டாவது கேள்வியில்தான் முதுகலை மாணவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். இளங்கலை மாணவருக்குக் கோடை விடுமுறை. ஓராண்டு முதுகலை மாணவருக்கோ அந்த மாதங்கள் பெரும்பாலும் ஆய்வேடு எழுதும் காலம், அதாவது பல்கலைக்கழகக் கணக்கில் பாடநடப்புக் காலம். கூட வேலை செய்யும் இளங்கலை நண்பர் முழுநேரம் செய்கிறார் என்பதற்காக நீங்களும் செய்ய முடியாது. உங்கள் பாடத்திட்டத்துக்குரிய பருவத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஷேர் கோட்டோடு இந்தத் தேதிகளின் சான்றையும் முதலாளி வாங்கி வைக்க வேண்டும் என்பது விதி, ஆகவே அவர் கேட்குமுன் நீங்களே கொடுத்துவிடுவது நல்லது. சுயதொழில் உங்களுக்குத் தடை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (க்ரொய்டன்): விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நீட்டிப்புக்கு விண்ணப்பித்தேன், முடிவு இன்னும் வரவில்லை, பழைய தேதியும் கடந்துவிட்டது. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் "நாளை முதல் வர வேண்டாம்" என்கிறார்கள். வேறிடத்திலும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா?

பதில்: இருக்கிறது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு, அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பித்தவருக்கு முடிவு வரும்வரை பழைய அனுமதியை அதே நிபந்தனைகளுடன் நீட்டிக்கிறது. முடிந்த மறுநாள் விண்ணப்பித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. 'அதே நிபந்தனைகள்' என்ற சொல்லையும் கவனியுங்கள். 20 மணி வரம்போடு இருந்தவருக்கு அந்த வரம்பும் கூடவே நீளும்.

சிக்கல் நிரூபணத்தில்தான். தேதி கடந்த பின் உங்கள் ஷேர் கோட் எதுவும் காட்டாமல் போகலாம். அப்போது முதலாளி, உள்துறை அமைச்சான ஹோம் ஆஃபிஸின் 'எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ்' என்ற சேவையில் கேட்க வேண்டும். அதை நீங்கள் கேட்க முடியாது, முதலாளிதான் கேட்க முடியும். நீங்கள் கொடுக்க வேண்டியது விண்ணப்பித்த தேதியும் விண்ணப்ப எண்ணும் அடங்கிய ஒப்புகை. பொதுவாக ஐந்து வேலைநாளில் பதில் வரும். உரிமை உண்டு என்று வரும் அறிவிப்பு அவருக்கு ஆறு மாதக் காப்பு தருகிறது, அதற்குள்ளும் முடிவு வராவிட்டால் அவர் மீண்டும் கேட்கலாம்.

இப்போதைய முதலாளிக்கும் புதியவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏற்கெனவே சோதித்து வேலைக்கு வைத்தவர், உங்கள் விண்ணப்பம் உரிய காலத்தில் போனது என்று நியாயமாக நம்பினால், பழைய தேதி முடிந்த பின்னும் அதிகபட்சம் 28 நாள் அவருடைய காப்பு தொடரும். அந்த நாட்களில் அவர் அறிவிப்பை வாங்கிவிடலாம், உங்களை நிறுத்த வேண்டியதில்லை. புதிய முதலாளிக்கு இந்த அவகாசம் கிடையாது. அறிவிப்பு கையில் வந்த பிறகே நீங்கள் முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் வாய்மொழியாகச் சொன்னால் மேலாளர் தலையசைத்துவிட்டுத் தலைமையகத்தைக் கேட்கிறேன் என்பார். ஒரு சிறு கடிதமாக எழுதி, ஒப்புகையின் நகலை இணைத்து, நேரே மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

ஸ்பான்சர் மூலம், அதாவது உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியிடம் வேலை செய்பவராக இருந்து, புதிய இடமும் ஸ்பான்சர் வேலையாக இருந்தால் கதை வேறு. புதிய ஸ்பான்சரின் பெயரில் விண்ணப்பித்து, அது அனுமதிக்கப்பட்ட பின்னரே அங்கே சேர முடியும். இன்னொன்று: முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். ஊரில் திருமணம் என்றாலும் பொறுத்திருங்கள்.

கேள்வி (ஹாரோ): என் தாயாருக்கு 1998இல் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தது. அந்த முத்திரை காலாவதியான இலங்கைக் கடவுச்சீட்டில் இருக்கிறது. பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்தும், "இந்த முத்திரையை ஏற்க முடியாது" என்றுவிட்டார்கள். அனுமதி போய்விட்டதா?

பதில்: கடவுச்சீட்டு காலாவதியானதால் அனுமதி காலாவதியாகவில்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்தால்தான் அது இழக்கப்படும். ஆனால் வேலைச் சோதனைக்கு ஏற்கப்படுவது நடப்பிலுள்ள கடவுச்சீட்டில் இருக்கும் முத்திரை மட்டுமே. பள்ளி சொன்னது உங்கள் தாயாரைப் பற்றிய தீர்ப்பல்ல, அந்தத் தாளைப் பற்றியது. 'நோ டைம் லிமிட்' என்ற விண்ணப்பத்தைச் செய்தால் அவருடைய நிலை ஈ-விசாவாகப் பதிவாகும், பிறகு எல்லோரையும் போல ஷேர் கோட் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கேயே வாழ்ந்ததைக் காட்டும் வரிப் பதிவு, மருத்துவப் பதிவு, கவுன்சில் வரிக் கடிதம் போன்றவற்றைத் திரட்டி வையுங்கள். வேலையை எத்தனை வாரம் காத்து வைக்க முடியும் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.

இதே நிலையில் இன்னும் மூத்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதையும் சொல்லுங்கள். 2018இல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தில், பல பத்தாண்டுகள் சட்டப்படி வாழ்ந்தவர்கள் தாள் இல்லை என்ற ஒரே காரணத்தால் வேலையை இழந்தார்கள். அதன் பின் வந்த விண்ட்ரஷ் திட்டம் கரீபியர்களுக்கு மட்டும்தான் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1973 ஜனவரி 1க்கு முன் வந்து குடியேறிய இலங்கை, இந்தியா உட்பட்ட காமன்வெல்த் நாட்டவர்களும், 1988 டிசம்பர் 31 வரை வந்து குடியேறிய எந்த நாட்டவரும் அதில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (டூட்டிங்): நான் பிரித்தானியக் குடிமகள். என் நிறத்தைப் பார்த்தே ஷேர் கோட் கேட்கிறார்கள். இல்லையென்றால் வேலை இல்லையாம்.

பதில்: குடிமக்களுக்கு ஷேர் கோட் கிடையாது, இருக்கவும் முடியாது. காலாவதியானதாக இருந்தாலும் பிரித்தானியக் கடவுச்சீட்டு போதும். அதுவும் இல்லையென்றால், இங்கே பதிவான பிறப்புச் சான்றிதழ் அல்லது குடியுரிமைச் சான்றிதழ், அதோடு நேஷனல் இன்சூரன்ஸ் எண் காட்டும் அரசாங்கக் கடிதமோ முந்தைய முதலாளியின் ஆவணமோ போதும். வேலைக்கு வரும் எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்க வேண்டும், தோற்றத்தையோ உச்சரிப்பையோ வைத்துச் சிலரிடம் மட்டும் கேட்பது 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் கீழ் பாகுபாடாகலாம். மறுப்பை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் அமைப்பைத் தாமதமின்றி அணுகுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போகும் கால வரம்பு குறுகியது.

கேள்வி (வெம்ப்ளி): பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன், 2019 முதல் லண்டனில் இருக்கிறேன். முன்பெல்லாம் அதைக் காட்டினாலே வேலை கிடைத்தது.

பதில்: 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பியக் கடவுச்சீட்டு மட்டும் வேலை உரிமைக்குச் சான்றாகாது, ஐரிஷ் கடவுச்சீட்டு மட்டும் விதிவிலக்கு. 2020 டிசம்பர் 31க்கு முன் வந்தவர் என்பதால், ஐரோப்பியக் குடியிருப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் அந்தக் கணக்கிலிருந்தே ஷேர் கோட் எடுங்கள். பதியவே இல்லையென்றால், 2021 ஜூன் 30 கெடு கடந்ததற்கு நியாயமான காரணம் காட்டி இப்போதும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தாமதத்துக்கான காரணத்தை முன்பைவிடக் கறாராக எடைபோடுகிறார்கள், தகுதியுள்ள ஆலோசகர் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): நேஷனல் இன்சூரன்ஸ் எண் வந்துவிட்டது. இனி வேறு சான்று தேவையா?

பதில்: தேவை. அந்த எண் வரிக்கும் காப்பீட்டுக்கும் உரியது, வேலை உரிமையைக் காட்டாது. மறுபுறம், உரிமைச் சான்று சரியாக இருந்தால் எண் வருமுன்பே வேலையைத் தொடங்கலாம்.

கேள்வி (ரெடிங்): கணவரின் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் துணைவியாக வந்தேன். விண்ணப்பப் படிவங்களில் "உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையா?" என்ற கேள்விக்கு விசா இருக்கிறதே என்று 'ஆம்' என்று போட்டேன். நாற்பது இடங்களிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

பதில்: அந்த 'ஆம்'தான் காரணமாக இருக்கக்கூடும். உங்கள் கணவருக்கு ஸ்பான்சர் தேவை, உங்களுக்குத் தேவையில்லை. துணைவராக வந்தவர் தொழில்முறை விளையாட்டு வீரர் அல்லது பயிற்சியாளர் பணி தவிர ஏறக்குறைய எந்த வேலையும், சுயதொழிலும் செய்யலாம். இங்கே படிப்பை முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா வைத்திருப்பவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். இனி 'இல்லை' என்று போட்டு, சுயவிவரக் குறிப்பின் மேற்பகுதியில் "ஸ்பான்சர்ஷிப் இன்றி முழுநேரம் வேலை செய்யும் உரிமை உண்டு, ஷேர் கோட் தரப்படும்" என்று ஒரு வரி சேருங்கள். குறியீட்டையே அதில் எழுத வேண்டாம், நேர்முகத்துக்குப் பின் கேட்கும்போது கொடுங்கள்.

ஸ்பான்சர் செய்ய எந்த முதலாளியும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் ஸ்பான்சர் தேவையில்லாத ஒருவரை, அனுமதி குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே என்ற காரணத்தால் ஒதுக்கக் கூடாது என்று அரசாங்கத்தின் நடைமுறைக் கோவையே சொல்கிறது. "இரண்டு ஆண்டில் விசா முடிகிறதே" என்று கேட்டால், அந்தத் தேதிக்கு முன் ஒரு மறுசோதனை செய்தால் அவருடைய காப்பு தொடரும் என்று அமைதியாகச் சொல்லுங்கள். பல சிறு நிறுவனங்களுக்கு இது தெரியாது.

கேள்வி (இல்ஃபர்ட்): ஷேர் கோட் எடுத்துத் தர ஒருவர் 150 பவுணும் என் கணக்கின் கடவுச்சொல்லும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். ஷேர் கோட் இலவசம், எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக எடுக்கலாம். கணினி பழக்கமில்லையென்றால் உள்ளூர் நூலகத்தில் அமர்ந்து, நம்பிக்கையான ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நீங்களே எடுங்கள். கடவுச்சொல்லோடு உங்கள் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கணக்கில் மாற்றிவிட்டால், அடுத்த முறை உங்கள் சொந்தப் பதிவைப் பார்க்கவே அவரிடம் பணம் கட்ட வேண்டிவரும். குடிவரவு ஆலோசனை தொழிலாகத் தருபவர் வழக்கறிஞராகவோ, இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் ஆலோசனை விற்பது குற்றம். பதிந்தவர்களின் பட்டியல் இணையத்தில் திறந்திருக்கிறது, அவர் பெயரை அதில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்களென்றால் இன்றே அதை மாற்றி, கணக்கில் பதிந்துள்ள எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று சரிபாருங்கள்.