மூன்று சதவீத வாராக்கடனை நம்பி கார்டு நிறுவனப் பங்கை வாங்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஆறு லட்சம் ரூபாயை எஸ்பிஐ கார்டு நிறுவனப் பங்கில் போடச் சொல்கிறார், பங்குத் தரகு நிறுவனம் ஒன்றின் முகவர். "பெரிய வங்கியின் நிறுவனம், வாராக்கடன் மூன்று சதவீதம்தான், வருமானம் ஏறிக்கொண்டே இருக்கிறது" என்கிறார். ஒரு பக்க அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சில படிவங்களில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நிறுவனம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை என்னைப் போன்றவர் எப்படிப் பார்ப்பது?

பதில்: முகவர் சொன்ன மூன்று செய்திகளில் எதுவும் பொய் இல்லை. ஆனால் கடன் அட்டை நிறுவனத்தின் நலத்தைக் கணிக்க அந்த மூன்றும் போதாது. அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரே பக்கத்தில் அச்சிட்டு அனுப்புபவரிடம் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதலில் அந்த மூன்று சதவீதத்தைப் பார்ப்போம். அட்டைதாரர் குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கெடு தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் கட்டாவிட்டால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். வீட்டுக் கடனுக்கு வீடும் நகைக் கடனுக்கு நகையும் பிடிமானமாக இருக்கின்றன. அட்டைக் கடனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே வசூலாகாத கணக்குகளை நிறுவனங்கள் நீண்ட நாள் வைத்திருக்காமல் தள்ளுபடி செய்துவிடுகின்றன. தள்ளுபடி ஆன கடன் அதன் பிறகு வாராக்கடன் விகிதத்தில் வராது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் கொடுக்கும் வியாபாரி, வராத பாக்கியெல்லாம் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு மீதி நோட்டை நீட்டி "என் பாக்கி இவ்வளவுதான்" என்று சொன்னால் நம் பக்கத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கார்டு நிறுவனத்தின் வாராக்கடன் விகிதத்தையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும்.

கிழித்த பக்கங்களின் கணக்கு எங்கே இருக்கிறது என்றால், லாப நட்டக் கணக்கில் செலவுகளின் கீழ், கடன் மதிப்பிழப்பு (வராது என்று கழித்ததும் கழிக்க ஒதுக்கியதும்) என்ற வரியில் இருக்கிறது. 2024-25 நிதியாண்டின் இறுதியில் எஸ்பிஐ கார்டின் மொத்த வாராக்கடன் 3.08 சதவீதம்; அதற்கு முந்தைய ஆண்டில் 2.76. பெரிய மாற்றம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் கடன் மதிப்பிழப்புக்காக எழுதிய செலவு ஏறக்குறைய 3,290 கோடி ரூபாயிலிருந்து 4,870 கோடியாக உயர்ந்தது. மக்களிடம் நிலுவையில் இருந்த கடன் அந்த ஆண்டு இறுதியில் 55,800 கோடி அளவில் இருந்தது. ஆண்டின் சராசரி நிலுவையோடு வகுத்துப் பார்த்தால், கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஒன்பது ரூபாய் அந்த ஓர் ஆண்டில் நட்டக் கணக்குக்குப் போயிருக்கிறது. மொத்த வருமானம் 17,484 கோடியிலிருந்து 18,637 கோடியாக ஏறியும், நிகர லாபம் 2,408 கோடியிலிருந்து 1,916 கோடியாக இறங்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான். இந்த ஒன்பது ரூபாய் உங்கள் முகவரின் அட்டவணையில் இல்லை. அந்த ஆண்டை உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டேன். புதிய காலாண்டு முடிவுகளை வைத்து இதே வகுத்தலை நீங்களே செய்து, எட்டு காலாண்டுகளாக அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

நிறுவனம் இதை மறைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சட்டப்படி வெளியிடப்பட்டிருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள ஆங்கில அறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளுக்குள் நுழைந்தால்தான் முழுக் கணக்கும் கிடைக்கிறது. சிறு முதலீட்டாளரைச் சந்தைக்கு வாருங்கள் என்று விளம்பரம் செய்து அழைக்கும் அமைப்புகள், ஆண்டின் தள்ளுபடித் தொகையை முதல் பக்கத்தில், முதலீட்டாளரின் மொழியில் அச்சிட வேண்டும் என்ற ஒரு சிறு கட்டாயத்தை இத்தனை ஆண்டுகளாகக் கொண்டுவராதது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் அட்டவணைக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

வருமானம் ஏறுகிறது என்ற செய்தியும் இங்கே இரண்டு பக்கமும் வெட்டும். முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிடுபவர், வாங்கிய பொருளுக்கு வட்டியே கொடுப்பதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிக்கொண்டே போகிறவர்தான் ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கிறார். ஆகவே மக்கள் திணறும்போது வட்டி வருமானம் முதலில் ஏறும்; மதிப்பிழப்பு பின்னால் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வருமானத்தை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம்.

வங்கியின் பெயர் பற்றிச் சொல்கிறேன். எஸ்பிஐ கார்டின் பெரும்பான்மைப் பங்கு ஸ்டேட் வங்கியிடம் இருப்பது உண்மை. ஆனால் இது வங்கி அல்ல. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்காத நிதி நிறுவனம். கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கிறது. கடன்களின் அபாயத்தோடு ஒப்பிட்டால் அதன் மூலதனம் ரிசர்வ் வங்கி கேட்கும் 15 சதவீதத்தைவிட நன்றாக மேலே இருக்கிறது. நிறுவனம் மூழ்கிவிடுமோ என்பது உங்கள் பயம் என்றால் இது ஆறுதல். ஆனால் நிறுவனம் நிற்பது வேறு, நீங்கள் கொடுத்த விலை திரும்புவது வேறு. 2020 மார்ச்சில் 755 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட இந்தப் பங்கு, பங்குச் சந்தையில் பட்டியலாகி விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே அதற்குக் கீழே போனது. வங்கியின் பெயர் அன்றும் இருந்தது. எச்டிஎஃப்சி வங்கியின் துணை நிறுவனமான எச்டிபி ஃபைனான்ஷியல் பங்கைப் பட்டியலாகும் முன்பே 1,200 ரூபாய்க்கு மேல் கொடுத்து வெளிச்சந்தையில் வாங்கினார்கள். 2025 ஜூனில் நிறுவனமே 740 ரூபாய்க்கு வெளியிட்டது. பட்டியலாகாத பங்கு என்று உங்கள் முகவர் அடுத்து ஏதேனும் கொண்டுவந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் படித்தவர்களும் குழம்புகிறார்கள். உங்கள் அட்டையில் விசா, மாஸ்டர்கார்டு என்று இருப்பதைப் பார்த்து, அந்த நிறுவனங்களும் இதே தொழிலில் இருப்பதாக நினைக்க வேண்டாம். அவை அட்டைதாரருக்குக் கடன் கொடுப்பதில்லை. கடைக்கும் வங்கிக்கும் இடையே பரிவர்த்தனையைக் கொண்டுசெல்லும் வலைப்பின்னலை நடத்தி, அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. நீங்கள் பணம் கட்டாவிட்டால் நட்டம் அட்டை கொடுத்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோதான். எனவே அவற்றுக்கு வாராக்கடன் விகிதம் கேட்பதில் பொருளில்லை. பரிவர்த்தனை அளவு, கட்டணம், வழக்குகள், அரசின் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தரவுகளை இந்தியாவில் சேமிக்கும் விதியைப் பின்பற்றவில்லை என்று, புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க மாஸ்டர்கார்டுக்கு 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி தடை போட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்தே விலக்கியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இரண்டு தொழிலையும் செய்கிறது. வலைப்பின்னலும் நடத்துகிறது, கடனும் கொடுக்கிறது. அதற்கு இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டும். விசாவின் லாப விகிதத்தை எஸ்பிஐ கார்டோடு ஒப்பிட்டு, "இதுவும் அந்த அளவுக்கு வளரும்" என்று எவராவது சொன்னால் அவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

இனி அந்தக் கையெழுத்துகள். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். முகவருக்குக் கிடைப்பது, நீங்கள் வாங்கும்போதும் விற்கும்போதும் வரும் தரகில் ஒரு பங்கு. உங்களுக்கு லாபமா நட்டமா என்பது அந்தக் கணக்கில் வராது. "நானே பார்த்துக்கொள்கிறேன், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்" என்று கணக்கைக் கையில் எடுத்து, வருங்கால விலை மீது பந்தயம் கட்டுவது போன்ற பியூச்சர், ஆப்ஷன் வணிகத்தில் இறக்கிவிடுவது வழக்கமான தந்திரம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. பெருந்துறையில் மக்களிடம் முதலீடு வாங்கிய ஈமு கோழித் திட்டங்கள் 2012-இல் சரிந்ததைப் பார்த்த ஈரோடு மாவட்டத்துக்காரர் நீங்கள். தெரிந்த முகம் என்பதற்காக ஓடிபி கொடுக்காதீர்கள்.

கையெழுத்திட்ட படிவங்களின் நகலை முகவரிடம் கேட்காமல், தரகு நிறுவனத்துக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அவற்றில், உங்கள் சார்பில் கணக்கை இயக்க உரிமை கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம் இருந்தால் எழுத்தில் ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக, வாங்கிய பங்கை விற்கும்போது ஒப்படைப்பது முதலான சில வேலைகளுக்கு மட்டும் பொருந்தும் டிடிபிஐ படிவம் இப்போது இருக்கிறது, அதுகூட விருப்பத்துக்கு உட்பட்டதுதான். கணக்கில் பியூச்சர், ஆப்ஷன் பிரிவு திறக்கப்பட்டிருந்தால் மூடச் சொல்லுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையா, முகவருடையவையா என்று சரிபாருங்கள். பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். இவை முடியும்வரை ஆறு லட்சத்தை அந்தக் கணக்குக்கு மாற்ற வேண்டாம். முடிந்த பிறகும் ஓய்வுக்காலப் பணத்தில் அத்தனை பெரிய தொகையை ஒரே பங்கில் போட நான் சம்மதிக்கமாட்டேன்.